சென்னையின் மழைக் கணக்கு

"நேற்று இரவு நல்ல மழை" என்கிறார் அடையாற்றில் இருக்கும் ஒருவர். "எங்கள் பக்கம் வெறும் தூறல்தான்" என்கிறார் தியாகராய நகரில் இருக்கும் அவர் நண்பர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எவ்வளவு மழை என்று கேட்டால் இருவராலும் விடை கூற இயலாது. அடுத்த ஆண்டு இதே நாளைக் குறிப்பிட்டு, அன்று மழை பெய்ததா என்று கேட்டால் அதுவும் நினைவில் இராது.

மழையை அளக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதைப் பார்த்து, "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று உழவர்கள் கணக்கிட்டார்கள். ஆண்டுப் பலன் கூறும் பஞ்சாங்கங்கள் மழையை மரக்கால் கணக்கில் சொல்லும். கௌடில்யரின் அர்த்தசாத்திரம், பண்டகசாலையில் மழையை அளப்பதற்கென்று ஒரு பாத்திரம் வைக்கும்படி கூறுகிறது. கொரிய நாட்டு அரசர் 1441-ஆம் ஆண்டிலேயே மழையளக்கும் பாத்திரத்தை ஏற்படுத்தினார்.

எனினும், அளப்பது வேறு. அளந்ததை நாள் தவறாமல் எழுதி வைப்பது வேறு. ஒரு நாள் அளவு அன்றைய செய்தி மட்டுமே. ஓராயிரம் நாள்களின் அளவுகள் ஒரே ஏட்டில் வரிசையாக இருக்குமானால் அது அறிவியலுக்கு மூலப்பொருள் ஆகிவிடுகிறது. இந்த வகையில் சென்னை நகருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இந்நகரின் வானிலைக் கணக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதன் தொடக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் அன்று. தம் ஆர்வத்தால் கருவிகளைப் பார்த்து எழுதிய தனி மனிதர்களின் குறிப்பேடுகளில்தான்!

ஒரு மருத்துவரின் நாட்குறிப்பு

வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற இளம் மருத்துவர் 1776-ஆம் ஆண்டில் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவராகப் பணி. பின்னாளில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராகி, "இந்தியத் தாவரவியலின் தந்தை" என்று பெயர் பெற்றவர் இவரே.

சென்னைக்கு வந்த சில காலத்திலேயே ராக்ஸ்பர்க் ஒரு வானிலை நாட்குறிப்பைத் தொடங்கிவிட்டார். பாரமானி காட்டும் காற்றழுத்தம், வெப்பமானி காட்டும் வெப்பநிலை, காற்று வீசும் திசை, மழை ஆகியவற்றை நாள்தோறும் குறித்தார். ஒரு நாளில் ஒரு முறை மட்டுமன்று. மூன்று முறை கருவிகளைப் பார்த்தார். இங்கிலாந்தில் ராயல் கழகத்தின் தலைவராக இருந்த சர் ஜான் பிரிங்கிள் இந்தக் குறிப்புகளைக் கழகத்தின் பார்வைக்கு வைத்தார். 1778-ஆம் ஆண்டில் அவை கழகத்தின் ஆய்விதழில் அச்சாயின.

மருத்துவருக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காய்ச்சல்களுக்குக் கிருமிகளும் கொசுக்களுமே காரணம் என்பது அக்காலத்தில் தெரியாது. காற்றின் கெடுதியும் வெப்பமும் ஈரமுமே நோயைத் தருகின்றன என்று மருத்துவர்கள் நம்பினர். ஆகவே, எந்த வானிலையில் எந்த நோய் வருகிறது என்று கண்டறிய விரும்பினர். அந்த நம்பிக்கை பின்னர் பொய்த்துப்போயிற்று. ஆனால், அதற்காக எழுதப்பட்ட எண்கள் பொய்க்கவில்லை! கொள்கை மறைந்த பிறகும் கணக்கு நிலைத்து நின்றது. இதற்கு நல்ல சான்று ராக்ஸ்பர்க்கின் வாழ்விலேயே கிடைக்கிறது.

பஞ்சத்தின் அளவுகோல்

1781-ஆம் ஆண்டில் ராக்ஸ்பர்க் கோதாவரிக் கழிமுகத்தை அடுத்த சாமல்கோட்டைக்கு மாற்றப்பட்டார். அங்கும் தம் குறிப்பேட்டை அவர் கைவிடவில்லை. 1789-ஆம் ஆண்டு தொடங்கி அப்பகுதியில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பருவமழை பொய்த்தது. கொடிய பஞ்சம் மக்களைச் சூறையாடியது. தக்காணத்தில் இதை "மண்டையோட்டுப் பஞ்சம்" என்றே மக்கள் அழைத்தனர். இறந்தவர்களை எரிக்கவோ புதைக்கவோ ஆளில்லாமல் எலும்புகள் வெளியில் கிடந்ததால் வந்த பெயர் இது.

பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள் பலர். மழை எவ்வளவு குறைந்தது என்று அளவிட்டு எழுதியவர்களோ மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் ராக்ஸ்பர்க். முந்தைய ஆண்டுகளின் மழை அளவுகள் அவர் கையில் இருந்ததால், பஞ்ச ஆண்டுகளின் அளவை அவற்றோடு ஒப்பிட அவரால் முடிந்தது. மழை குறைவு என்று சொல்லவேண்டுமானால் மழை நிறைந்த ஆண்டுகளிலும் அளந்திருக்க வேண்டும் அன்றோ?

அவருக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நீர் இயல்புக்கு மீறிச் சூடாகும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியை அறிவியலார் ஆராயத் தொடங்கினர். எல் நினோ ஏற்படும் ஆண்டுகள் பலவற்றில் நம் தென்மேற்குப் பருவமழை குன்றுவது தெரியவந்தது. ரிச்சர்டு குரோவ் என்னும் வரலாற்றறிஞர் 1998-ஆம் ஆண்டில் "நேச்சர்" இதழில் எழுதிய கட்டுரையில், 1789 முதல் 1793 வரை உலகின் பல பகுதிகளைத் தாக்கிய வறட்சிகளுக்கு வலிமை மிக்க ஓர் எல் நினோவே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அவருக்குக் கிடைத்த முக்கியச் சான்றுகளுள் ராக்ஸ்பர்க்கின் மழைக் கணக்கும் ஒன்று. எல் நினோ என்ற சொல்லையே அறியாத ஒருவர், அதை ஆராய்வதற்கான சான்றை எழுதி வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்!

எழும்பூர் வீட்டிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு

சென்னையில் அதே காலத்தில் மற்றோர் ஆர்வலர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786-ஆம் ஆண்டளவில் எழும்பூரில் இருந்த தம் இல்லத்தில் ஒரு வானாய்வுக் கூடத்தைச் சொந்தச் செலவில் அமைத்தார். தாயகம் திரும்பும்போது தம் கருவிகளை அரசிடம் ஒப்படைத்தார். அவற்றைக் கொண்டு நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் சென்னை வானாய்வுக் கூடம் எழுந்தது. அதைக் கட்டியவர் மைக்கேல் டாப்பிங் என்னும் நில அளவையாளர். கட்டடத்தின் நடுவே கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன், கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

விண்மீன்களைப் பார்ப்பதே இக்கூடத்தின் முதல் வேலை. கப்பல்களுக்குத் திசையும் நேரமும் கணிக்க அது தேவைப்பட்டது. ஆனால், விண்மீன் பார்ப்பவருக்கு வெப்பமானியும் பாரமானியும் இல்லாமல் முடியாது. ஏனென்றால், விண்மீனின் ஒளி நம் காற்று மண்டலத்தின் வழியே வரும்போது சற்று வளைகிறது. எவ்வளவு வளையும் என்பது காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. எனவே வானிலைக் கருவிகள் தொடக்கம் முதலே அங்கு இருந்தன.

டாப்பிங் 1796-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் வானிலைக் குறிப்புகளை ஒழுங்காகப் பதிவு செய்தார். அவற்றால் விளைந்த ஓர் இனிய ஆய்வை இங்கே கூறவேண்டும். அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவது வழக்கம். சுடும்போது தோன்றும் ஒளியைப் பார்த்த கணத்திலிருந்து ஓசை காதில் விழும் வரை எத்தனை நொடிகள் என்று நுங்கம்பாக்கத்தில் எண்ணினர். தூரம் தெரியும், நேரமும் தெரிந்தால் ஓசையின் வேகம் கிடைத்துவிடும். அத்துடன் நிற்காமல், ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் பக்கத்தில் குறித்து வைத்தார்கள். குளிர்ந்த மாதங்களைவிட வெப்பமான மாதங்களில் ஓசை விரைந்து செல்வதை அந்த அட்டவணை தெளிவாகக் காட்டியது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஓசையின் வேகம் நொடிக்குச் சுமார் 60 செ.மீ. கூடுகிறது என்பதை இன்று பாடநூல்களில் படிக்கிறோம். கோல்டிங்ஹாமின் இந்த ஆய்வு 1823-ஆம் ஆண்டில் ராயல் கழக இதழில் வெளிவந்தது.

கணக்கைக் காத்தவர்கள்

சென்னையின் மழைக் கணக்கு 1813-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இந்தியாவில் இவ்வளவு நீண்ட மழைக் கணக்கு உள்ள இடங்கள் மிகச் சிலவே. இந்திய வானிலைத் துறை தோன்றியதே 1875-ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

வானாய்வாளர்கள் மாறினர்; ஆட்சியும் மாறியது; ஏடு மட்டும் தொடர்ந்தது. அதைத் தொடரச் செய்தவர்களுள் ஒரு பெண்மணி குறிப்பிடத்தக்கவர். 1861-ஆம் ஆண்டில் இக்கூடத்தின் தலைவராக வந்த நார்மன் போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன், 1873-ஆம் ஆண்டு முதல் இங்குக் கணக்கீட்டு உதவியாளராகப் பணிபுரிந்தார். மாதச் சம்பளம் 150 ரூபாய். 1881-ஆம் ஆண்டில் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளர் பொறுப்பையும் ஏற்றார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பணி தொடர்ந்தது. 1886-ஆம் ஆண்டில் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக்க அவர் பெயரை முன்மொழிந்தனர். கழகத்தின் விதிகளில் உறுப்பினரைக் குறிக்க "அவன்" என்னும் ஆண்பாற் சொல்லே இருக்கிறது என்று காரணம் காட்டி மறுத்துவிட்டனர்! 1920-ஆம் ஆண்டில்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது.

1899-ஆம் ஆண்டில் வானியல் ஆய்வுகள் கோடைக்கானலுக்கு மாறின. ஆனால், வானிலைப் பதிவு நுங்கம்பாக்கத்திலேயே நிலைத்தது.

இவ்வளவு நீண்ட கணக்கினால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை மழையில் தத்தளித்தது. "இப்படி ஒரு மழையைக் கண்டதே இல்லை" என்று முதியவர்களும் கூறினர். அவர்கள் கூறியது உண்மையே. அந்த மாதம் நுங்கம்பாக்கத்தில் ஏறத்தாழ 105 செ.மீ. மழை பெய்தது. ஆனால் ஏட்டைப் புரட்டினால், 1918-ஆம் ஆண்டு நவம்பரில் 108 செ.மீ.க்கு மேல் பெய்திருப்பது தெரிகிறது. இன்னும் பின்னே சென்றால், 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஒரே நாளில் ஏறத்தாழ 52 செ.மீ. பெய்திருக்கிறது. மனிதரின் நினைவு எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. பாலமும் வடிகாலும் கட்டுபவர்கள் அதற்கு மேலும் எட்டிப் பார்க்கவேண்டும். அந்தப் பார்வையைத் தருவது ஏடு ஒன்றே.

மழை அளவு மட்டுமே வெள்ளத்தின் கதை முழுவதையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. இன்றைய தியாகராய நகர் 1920-களில் ஒரு பெரிய ஏரியின் நிலத்தில் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்து டேங்க் பண்டு சாலையும் அந்த ஏரியின் பெயரை இன்றும் சுமக்கின்றன. மழையின் அளவு அதேயாயினும் அது தேங்கும் நிலம் மாறிவிட்டது. எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்தறிவதற்கும் பழைய அளவுதான் வேண்டியிருக்கிறது.

ஒரே நகரம், பல மழைகள்

நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு நல்ல கணக்கு இருக்கும்போது மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒருவர் தம் வீட்டில் ஏன் அளக்கவேண்டும்? இக்கேள்விக்கு விடை 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மழையில் இருக்கிறது. அந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 29 செ.மீ. நகரின் தெற்கே தாம்பரத்தில் பதிவானதோ 49 செ.மீ.! ஒரே புயல் மேகக் கூட்டம்; ஆனால் 20 செ.மீ. வேறுபாடு. அடையாற்றில் ஓடிய வெள்ளம் தாம்பரத்துப் பக்கத்து மழையின் விளைவேயன்றி நுங்கம்பாக்கத்து மழையின் விளைவன்று.

இதற்குக் காரணம் எளியது. மழை தரும் பெரிய மேகங்கள் குடையைப்போல் நகர் முழுவதையும் சமமாக மூடுவதில்லை. உயர்ந்தெழும் ஒரு மேகத் தூண் சில கிலோமீட்டர் அகலமே உடையது. அது எந்தத் தெருவின் மேல் நிற்கிறதோ அந்தத் தெருவில் மழை கொட்டும். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிற்பகலில், முன்னறிவிப்பில் இல்லாத பெருமழை சென்னையின் நடுப்பகுதியை வெள்ளக்காடாக்கியது. இத்தகைய மழையின் உருவத்தை வரைய வேண்டுமானால் அளவிகள் நெருக்கமாக இருக்கவேண்டும். சென்னையின் பழைய வானிலை நிலையங்களான நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளவை. இக்காலத்தில் தானியங்கி மழைமானிகள் பல இடங்களில் வந்துள்ளன. எனினும் அவற்றுக்கு இடைப்பட்ட தெருக்கள் இன்னும் ஏராளம்.

இந்த இடைவெளியைப் பொது மக்களே நிரப்பிய நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860-ஆம் ஆண்டில் 168 இடங்களின் மழைக் கணக்கைத் திரட்டினார். பாதிரியார்கள், ஆசிரியர்கள், தோட்டக்காரர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலர் அவருக்கு ஆண்டுதோறும் அளவுகளை அனுப்பினர். 1900-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அந்த இடங்களின் எண்ணிக்கை 3,400 அளவுக்கு உயர்ந்திருந்தது. அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997-ஆம் ஆண்டு ஒரு பகுதியில் மட்டும் பெருமழை கொட்டி வெள்ளம் பாய்ந்தது. அடுத்த ஆண்டே அங்கு வீட்டு மழைமானிகளைக் கொண்ட தொண்டர் அமைப்பு ஒன்று தோன்றி, நாடெங்கும் பரவியது. சென்னையிலும் மொட்டை மாடியில் மழைமானி வைத்து நாள்தோறும் எழுதும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் தொடங்குவது எப்படி?

இந்தப் பொழுதுபோக்குக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. 16 செ.மீ. விட்டமுள்ள ஒரு புனல், அதன் கீழே ஒரு கேன், மருந்து அளக்கும் குவளை ஆகியவை போதும். 16 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. ஆகும். ஆகவே, கேனில் சேர்ந்த நீரில் ஒவ்வொரு 20 மில்லி லிட்டரும் ஒரு மி.மீ. மழையைக் குறிக்கும். கேன் பெரிதாக இருக்கட்டும். 29 செ.மீ. மழை பெய்தால் இந்தப் புனல் வழியே கிட்டத்தட்ட 6 லிட்டர் நீர் இறங்கும். சிறிய புட்டியானால், எந்த நாளின் அளவு மிகவும் தேவையோ அந்த நாளிலேயே வழிந்துவிடும்!

மழைமானியைச் சுவர், மரம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு அருகில் வைக்கலாகாது. தடையின் உயரம் எவ்வளவோ அதைப்போல் இரு மடங்குத் தொலைவாவது தள்ளி வைக்கவேண்டும். மாடியின் விளிம்பில் காற்று சுழல்வதால் துளிகள் புனலில் விழாமல் தப்பிவிடும். எனவே மாடியின் நடுப்பகுதியே நல்லது.

அளக்கும் நேரம் காலை 8.30 மணி. இந்தியா முழுவதும் மழை நாள் இந்த நேரத்தில்தான் முடிகிறது. இந்திய நேரம் 8.30 என்பது கிரீன்விச் நேரம் 3 மணி. உலகெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே கணத்தில் கருவிகளைப் பார்ப்பதற்காக வகுத்த நேரங்களுள் இது ஒன்று. நீங்களும் இதே நேரத்தில் அளந்தால்தான் உங்கள் எண்ணை நுங்கம்பாக்கத்து எண்ணோடு ஒப்பிட முடியும்.

எழுதும்போது ஒரு விதியை மறவாதீர்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதவேண்டும். அளக்காத நாளில் இடத்தை வெறுமையாக விட்டு, "அளக்கவில்லை" என்று குறிக்கவேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது கேனில் மூன்று நாள் நீர் இருந்தால், அதை மூன்றாகப் பங்கிட்டு எழுதக்கூடாது. "மூன்று நாள் மொத்தம்" என்றே எழுதவேண்டும். மழைமானியை இடம் மாற்றினாலும், புனலை மாற்றினாலும், அந்தத் தேதியைக் குறிக்கவேண்டும். பழைய ஏடுகளை ஆராய்பவர்களுக்குப் பெரிய தொல்லை இதுதான். கருவி எங்கே இருந்தது, எப்போது மாறியது, எந்த மணிக்குப் பார்த்தார்கள் என்ற குறிப்பு இல்லாவிட்டால், மாறியது வானிலையா கருவியா என்று பிரிக்க முடியாமல் போகும்.

வெப்பமானியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள நிழலில், தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது; தான் சூடேறிய அளவையே காட்டும். வானிலை நிலையங்களில் காணப்படும் வெள்ளை வண்ணப் பலகைப் பெட்டி இதற்காகவே அமைந்தது. அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியியலார். "புதையல் தீவு" கதையை எழுதியவரின் தந்தை.

கட்டத்தாள் காட்டும் செய்திகள்

எண்களை வரிசையாக எழுதியதும் அவற்றைக் கட்டத்தாளில் வரையுங்கள். கிடைக்கோட்டில் நாள்களையும் செங்கோட்டில் அளவையும் குறித்தால், எண்ணில் மறைந்திருந்த செய்தி கோட்டில் வெளிப்படும்.

மே மாதத்தில் மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். காலையில் விறுவிறுவென்று ஏறும் கோடு, நண்பகலை ஒட்டி ஒரு நேரத்தில் திடீரென்று முறிந்து இறங்கும். அதுதான் கடற்காற்று வந்து சேர்ந்த நேரம். நிலம் விரைவில் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப ஓடி வருகிறது. மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்திருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும். நகர் அன்று கொதிக்கும். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய மூன்று இடங்களில் மூன்று மாணவர்கள் ஒரே நாளில் இந்தக் கோட்டை வரைந்தால், கடலை ஒட்டிய வீட்டில் கோடு முன்னதாகவும் உள்ளே தள்ளிய வீட்டில் பின்னதாகவும் முறிவதைக் காணலாம். கடற்காற்று நகரைக் கடக்கும் வேகத்தை அதிலிருந்தே கணக்கிடலாம்.

காற்றழுத்தக் கோடு இன்னும் வியப்பானது. இன்று பல கைபேசிகளிலேயே அழுத்தம் காட்டும் கருவி உள்ளது. ஒரு நாள் முழுவதும் குறித்தால், காலை 10 மணி அளவிலும் இரவு 10 மணி அளவிலும் அழுத்தம் உயர்ந்தும், மாலை 4 மணி, விடியற்காலை 4 மணி அளவில் தாழ்ந்தும் இருக்கும். கடலுக்கு அலையேற்றம் இருப்பதுபோல் காற்று மண்டலத்துக்கும் நாளுக்கு இரு முறை ஏற்ற இறக்கம் உண்டு. கதிரவனின் வெப்பமே இதற்குக் காரணம். நம் பகுதியில் இதன் அளவு சில மில்லிபார்களே. ஆனால், நாள் தவறாமல் வரும் இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாக அறிந்தவருக்கு, 10 மணிக்கு ஏறவேண்டிய அழுத்தம் ஏறாமல் தொடர்ந்து இறங்கினால், வங்கக் கடலில் ஏதோ உருவாகி நெருங்குகிறது என்று புலப்படும். இயல்பைத் தெரிந்து வைத்திருப்பவரே இயல்பு மீறலைக் காண்பார்.

காற்றின் திசையைக் குறிப்பதும் வீண்போகாது. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய ஜேம்ஸ் காப்பர், புயல் வீசும்போது காற்றின் திசை மாறும் முறையை ஆராய்ந்து, இவை நேராக வீசும் பெருங்காற்றல்ல, சுழல்காற்றுகளே என்று 1801-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். புயலுக்குச் "சைக்ளோன்" என்ற பெயரைக் கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் சூட்டியது 1848-ஆம் ஆண்டில்தான்.

பழைய ஏடுகளுக்குப் புதிய வேலை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நுங்கம்பாக்கத்தில் எழுதிய அழுத்த அளவுகள் இப்போது பயன்படுகின்றனவா? பயன்படுகின்றன. 1796-ஆம் ஆண்டு முதற்கொண்டு கிடைக்கும் சென்னையின் பழைய பாரமானி அளவுகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தி, ராப் ஆலன் முதலிய ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டில் ஒரு தொடராக வெளியிட்டனர். எல் நினோவோடு பிணைந்த காற்றழுத்த ஊசலாட்டம் பண்டைக் காலத்தில் எப்படி இருந்தது என்று அறிய அது உதவுகிறது. புவி வெப்பம் எவ்வளவு கூடியுள்ளது என்று கூறுவதற்கும் இத்தகைய பழைய ஏடுகளே அடிப்படை.

2020-ஆம் ஆண்டில் நோய்த் தொற்றால் மக்கள் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, இங்கிலாந்தில் சைமன்ஸ் காலத்து ஏடுகள் உள்ளிட்ட 65,000 பழைய மழைத் தாள்களைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தனர். பதினாறாயிரம் தொண்டர்கள் 16 நாள்களில் 52 லட்சம் அளவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். அந்நாட்டின் மழைக் கணக்கு இதனால் 1836-ஆம் ஆண்டு வரை பின்னோக்கி நீண்டது.

பழைய தாளைக் கணினியில் ஏற்றுவது எப்போது வேண்டுமானாலும் இயலும். எழுதாத தாளை ஏற்ற எந்தக் கணினியாலும் இயலாது. மற்ற அறிவியல் சோதனைகளில் தவறினால் மறுநாள் திரும்பச் செய்யலாம். நேற்றைய மழையை இன்று அளக்க முடியுமா? உங்கள் தெருவில் இந்த ஐப்பசியில் பெய்யும் மழைக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே, புரட்டாசி முடிவதற்குள் ஒரு புனலும் கேனும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஆயத்தம் செய்யுங்கள். முதல் பக்கத்தில் இடத்தின் பெயர், தரையிலிருந்து மழைமானியின் உயரம், புனலின் விட்டம், அளக்கும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் தேதி இடுங்கள். அன்று மழை இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.